பேர் விழாத வேலை

அப்புத்தளையைத் தாண்டிப் பதுளைப் பக்கம் இறங்கும் ரயிலுக்கு அடுத்த நிலையம் தியத்தலாவை. இடையில் சில மைல்தான். முன்னது தேயிலை ஊர்: 1890இல் தோமஸ் லிப்டன் வாங்கிய தம்பேதன்னை முதல் மலைச்சரிவு முழுவதும் தோட்டங்கள். பின்னது படை ஊர்: 1900இலிருந்து ஏதோ ஒரு சீருடை அங்கே குடியிருந்துகொண்டே இருக்கிறது. இரண்டு ஊரும் ஒன்றையொன்று பார்த்தபடி நூறு வருடத்துக்கு மேல் வாழ்ந்திருந்தும், வரலாறு எழுதுபவர்கள் அவற்றைத் தனித்தனிப் புத்தகங்களில்தான் வைத்திருக்கிறார்கள். காயம்பட்ட உடல் என்ற ஒரு பொருளை எடுத்துக்கொண்டால் அவை ஒரே புத்தகத்துக்குள் வந்துவிடுகின்றன. கை போனவனுக்கு எவ்வளவு, கால் போனவனுக்கு எவ்வளவு என்று விலை எழுத இரண்டு இடத்துச் சட்டங்களும் கற்றுக்கொண்டன. அந்த உடலைப் புரட்டி, கழுவி, சோறூட்டி, இரவில் விழித்திருந்த பெண்ணுக்கு எழுதப்பட்ட கணக்கு இரண்டிலும் கிடையாது. இது வறுமையால் வந்த குறை என்று சொல்லிவிட்டுப் போய்விட முடியாது என்பதுதான் என் வாதம். கவனிப்பு ஒரு வேலை, அதற்குக் கூலி உண்டு என்பதைத் தோட்டம் நன்றாகவே அறிந்திருந்தது. தனக்கு லாபம் உள்ள இடத்தில் மட்டும் அதை ஒப்புக்கொண்டது. பிறகு வந்த அரசும், படையும், நலச் சட்டங்களும் அந்தப் பாதி ஒப்புதலைத் தாண்டி ஓர் அடி வைக்கவில்லை.

படை ஊரை முதலில் பார்த்துவிடலாம். 1900 ஆகஸ்டில், தென்னாபிரிக்கப் போரில் பிடிபட்ட போயர்களை ஏற்றிக்கொண்டு முதல் கப்பல் கொழும்புக்கு வந்தது. மொத்தத்தில் ஏறத்தாழ 5,000 பேர் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்டார்கள். பெரும்பாலானோர் தியத்தலாவையின் புல்வெளியில் தகரக் கொட்டகைகளில் அடைபட்டார்கள். அதே 1900இல் போயர்களோடு போரிட இலங்கையிலிருந்து புறப்பட்ட தொண்டர் படையில் தோட்டத் துரைமார் இருந்தார்கள். துரை அங்கே போக எதிரி இங்கே வந்து சேர்ந்தான். முகாமில் குடற்காய்ச்சலும் தட்டம்மையும் பலரைக் கொண்டுபோயின; அவர்களின் கல்லறைகள் இன்றும் அங்கே உள்ளன. முதலாம் உலகப் போரில் இலங்கையில் இருந்த ஜெர்மானியர்கள் அங்கே அடைக்கப்பட்டார்கள், பௌத்தத் துறவி ஞானதிலோக்க தேரர் உட்பட. இரண்டாம் போரிலும் அதே தேரர் அதே ஊருக்குத் திரும்ப நேர்ந்தது. 1949இல் சுதந்திர இலங்கையின் இராணுவம் அமைந்ததும் புதிதாகச் சேர்ந்தவர்களைப் பழக்கும் இடம் தியத்தலாவை ஆனது. பின்னாளில் அதிகாரிகளைத் தயாரிக்கும் இராணுவக் கல்லூரியும் அங்கேயே. வடக்கிலும் கிழக்கிலும் கால் நூற்றாண்டுக்கு மேல் நடந்த போருக்கான பயிற்சியில் பெரும் பங்கு இந்தக் குளிர்ந்த மேட்டில் நடந்தது.

போருக்குப் போகும் வழி தியத்தலாவை என்றால், அடிபட்டுத் திரும்பும் வழி ராகம. கொழும்புக்கு வடக்கே உள்ள அந்தச் சிற்றூருக்கு ஒரு விசித்திரமான வரலாறு. 19ஆம் நூற்றாண்டின் கடைசி ஆண்டுகளில், இந்தியாவில் பிளேக் பரவியபோது, தோட்டங்களுக்கு வரும் தமிழ்த் தொழிலாளர்களைத் தடுத்துவைத்துச் சோதித்த முகாம் அங்கே இருந்தது. அடுத்து, போயர் கைதிகளில் அடங்காதவர்கள் என்று கருதப்பட்டவர்களை அங்கே வைத்தார்கள். இன்று அதே ராகமவில் ‘ரணவிரு செவன’ என்ற படையினர் மறுவாழ்வு நிலையம் இருக்கிறது: கால் இழந்தவர்களுக்குச் செயற்கைக் கால், தண்டுவடம் முறிந்தவர்களுக்குச் சக்கர நாற்காலிப் பழக்கம், ஒரு தொழில். அப்புத்தளைக்கு ஆள் அனுப்பிய ஊரும் தியத்தலாவைக்காரன் காயத்தோடு போய்ச் சேரும் ஊரும் ஒன்றாக அமைந்தது தற்செயல்தான். ஆனாலும் இரண்டு காலத்திலும் அந்த முகாம் பார்த்தது ஒன்றையே: இந்த உடல் இனி வேலைக்கு ஆகுமா?

அந்தக் கேள்வி தோட்டத்தில் எப்படிக் கேட்கப்பட்டது என்பதற்குக் கோப்பிக் காலத்திலிருந்து தொடங்க வேண்டும். கோப்பிக்கு ஆள் வேண்டியது பழம் பறிக்கும் பருவத்தில். வந்தவர்கள் பெரும்பாலும் ஆண்கள்; பருவம் முடிந்தால் திரும்பிவிடுவார்கள். நோய் கண்டவனுக்கு மனைவியும் இல்லை, தாயும் இல்லை. வழியில் விழுந்தவர்கள் வழியிலேயே விடப்பட்டதற்கு அக்கால அரசு அறிக்கைகளே சாட்சி. 1872இல் தோட்டப் பகுதிகளின் மருத்துவத் தேவைக்கென ஒரு சட்டம் வந்ததற்குக் காரணம் இந்த அவமானம்தான். தேயிலை எல்லாவற்றையும் மாற்றியது. கொழுந்து வருடம் முழுவதும் துளிர்க்கும். வாரத்துக்கு ஒரு தடவையாவது எடுக்காவிட்டால் முற்றிவிடும். அதற்கு ஆள் குடும்பத்தோடு அங்கேயே இருந்தாக வேண்டும், அதிலும் பெண் இருந்தாக வேண்டும். 1893இல் ரயில் அப்புத்தளையைத் தொட்டபோது அந்தச் சரிவுகளில் தொழிலாளர் குடியிருப்பான லயங்கள் வரிசை வரிசையாக எழுந்திருந்தன. குடும்பத்தைக் கொண்டுவந்ததில் தோட்டத்துக்கு இரட்டை ஆதாயம். கொழுந்து எடுக்கக் கை கிடைத்தது. அடிபட்டவனைப் பார்க்கவும் கை கிடைத்தது. முன்னதற்குக் கூலி கொடுத்தார்கள். பின்னது வாய்பேசாமல் சேர்ந்துகொண்டது.

எவ்வளவு வாய்பேசாமல் என்பதைக் காட்டும் ஒரு சொல் தோட்டத்தில் இருக்கிறது: பேர். காலையில் பெரட்டுக்களத்தில் ஆள் எண்ணி, யார் எந்த மலைக்கு என்று பிரித்து, செக்ரோல் என்ற வருகைப் பதிவேட்டில் குறித்தால் அன்று ஒரு பேர். பாதி நாள் வேலைக்கு அரைப் பேர். மாத முடிவில் ‘எத்தனை பேர்’ என்றுதான் கேட்பார்கள். எத்தனை நாள் என்று கேட்பதில்லை. மனிதரின் பெயரும் ஒரு நாளின் உழைப்பும் ஒரே சொல்லாகிப் போன இடம் அது. இதன் மறுபக்கம் கொடுமையானது: வீட்டில் இருந்த நாளுக்கு ஆள் இல்லை, பேர் இல்லை. ஏன் இருந்தாள் என்ற கேள்விக்குச் செக்ரோலில் கட்டம் கிடையாது. கங்காணி முறை இதை இன்னும் இறுக்கியது. வேலைக்கு இறங்கிய ஒவ்வொரு தலைக்கும் நாளொன்றுக்கு இவ்வளவு என்று தலைக்கங்காணிக்குக் காசு போகும். அடிபட்ட கணவனைப் பார்க்க ஒருத்தி லயத்தில் தங்கினால் அவளுக்குக் கூலி போயிற்று, கங்காணிக்குத் தலைக்காசு போயிற்று, துரைக்குக் கொழுந்து போயிற்று. அவள் தங்குவதால் யாருக்கும் எதுவும் வருவதில்லை. 1921இல், கடனைச் சீட்டில் எழுதி ஆளோடு சேர்த்து மாற்றிய துண்டு முறை ஒழியும்வரை குடும்பத்தின் கடன் வேறு அவள் தலையில். அடிபட்டவன் வேலை செய்யாத நாளிலும் கடன் நிற்கும். அதை அடைக்க அவள்தான் மலைக்குப் போக வேண்டும்.

இந்தக் கணக்கு பழங்கதை என்று நினைக்க வேண்டாம். 2013ஆம் ஆண்டுக் கூட்டு ஒப்பந்தத்தில் நாட்சம்பளம் 450 ரூபாய், வருகைக் கொடுப்பனவு 140, விலைப்பங்கு 30, மொத்தம் 620 என்று எழுதினார்கள். அந்த 140 எல்லாருக்கும் இல்லை. தோட்டம் வேலை கொடுத்த நாள்களில் 75 சதவீதம் இறங்கியவர்களுக்கு மட்டும். படுக்கையில் ஒருவரை வைத்திருக்கும் வீட்டுப் பெண்ணால் அந்த 75ஐ எட்டுவது கடினம். போகாத நாளுக்குச் சம்பளம் இல்லை. போன நாளுக்கும் சம்பளம் குறைவு. கவனிப்புக்கு அபராதம் விதிக்கிறோம் என்று நினைத்து யாரும் அதை எழுதவில்லை. அப்படி ஒரு ஆள் இருக்கிறாள் என்பதே எழுதியவர்கள் நினைவில் இல்லை, அவ்வளவுதான்.

காயத்துக்கு விலை எழுதிய சட்டம் 1934இல் வந்தது: தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம், இலக்கம் 19. பிரித்தானிய மூலத்திலிருந்து இந்தியா 1923இல் எடுத்துக்கொண்ட சட்டத்தின் உறவுக்காரச் சட்டம் இது. அந்த இந்தியச் சட்டத்தின் மூல அட்டவணையை ஒருமுறை நிதானமாகப் படிக்க வேண்டும். முழங்கைக்கு மேல் வலக்கை போனால் உழைப்புத் திறனில் 70 சதவீத இழப்பு; இடக்கை என்றால் 60. முழங்காலுக்கு மேல் கால் 60. ஒரு கண் 30. பெருவிரல் 25, சுட்டுவிரல் 10, மற்ற விரல் ஒவ்வொன்றும் 5. இதை எழுதியவர் மேசையில் உட்கார்ந்து வலக்கையால் எழுதுபவராக இருந்திருக்க வேண்டும். கொழுந்து எடுக்கும் பெண்ணுக்கு வலது இடது என்ற பேதமில்லை. இரண்டு கையும் ஒரே வேகத்தில் பாய்ந்து, பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே கிள்ளி, பின்னால் கூடைக்குள் எறியும். அவளுடைய இடது சுட்டுவிரலின் விலை 10 சதவீதமாக இருக்க முடியாது. கவ்வாத்துக் கத்தி வழுக்கியதும், ஸ்டோரில் ரோலருக்குள் கை போனதும், குளவிக் கூடு கலைந்ததும் இப்படிப்பட்ட ஓர் அட்டவணை வழியாகத்தான் ரூபாயாக வேண்டும். இருந்தாலும் அட்டவணை இருந்தது நல்லது. இல்லாத காலத்தைவிட நல்லது. நான் கவனிக்கச் சொல்வது வேறு ஒன்று. இந்தச் சட்டத்துக்குள் மனைவி எப்போது நுழைகிறாள்? அவன் செத்த பிறகு. ‘தங்கிவாழ்வோர்’ என்ற சொல் அவளுக்காகக் காத்திருக்கிறது. அவன் உயிரோடு, அசைய முடியாமல் கிடக்கும்வரை அவள் சட்டத்தில் இல்லை. அந்த வருடங்களில் யார் யாரிடம் தங்கி வாழ்ந்தார்கள் என்று லயத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

இனி அந்தப் பாதி ஒப்புதலுக்கு வருவோம். தேயிலைக்குப் பெண் கை வேண்டும்; பெண்ணுக்குக் கைக்குழந்தை இருக்கிறது; குழந்தையை முதுகில் கட்டினால் கூடையைக் கட்ட முடியாது. இந்தச் சிக்கலைத் தோட்டம் தீர்த்த விதம்தான் பிள்ளைக்காம்பரா. தொடக்கத்தில் அது பெரிய கட்டடம் ஒன்றும் இல்லை. ஒரு மடுவம், குறுக்கே மரம், அதில் பழைய சேலையிலும் சாக்கிலும் கட்டிய தொட்டில்கள். மலைக்கு ஏற முடியாத வயதான பெண் ஒருத்தி அங்கே உட்கார்ந்து தொட்டில்களை ஆட்டுவாள். முதல் நிறுவைக்குப் பிறகு தாய்மார் ஓடிவந்து பால் கொடுத்துவிட்டு மறுபடி மலைக்கு ஓடுவார்கள். அந்த வயதான பெண்ணுக்குப் பேர் போட்டார்கள். கொழுந்து ஒரு இறாத்தல் எடுக்கவில்லை, முள்ளுக் குத்தவில்லை, புல் வெட்டவில்லை. குழந்தை பார்த்தாள், பேர் விழுந்தது. 1939இல் வந்த மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டம் பிள்ளைப்பேற்றுக்கும் தோட்டத்தைக் காசு கொடுக்க வைத்தது. 1992இல் தோட்டங்கள் கம்பனிகளின் கைக்குப் போனபின் பிள்ளைக்காம்பராக்கள் சிறுவர் அபிவிருத்தி நிலையங்கள் ஆயின. பயிற்சி பெற்ற அலுவலர்கள் வந்தார்கள், சத்துணவு வந்தது. ஆக, கவனிப்பு ஒரு வேலை என்பது மலையகத்துக்கு வெளியிலிருந்து வந்து போதிக்க வேண்டிய புதுமை ஒன்றும் இல்லை. குழந்தையைப் பார்த்ததற்குப் பேர் விழுந்தது. அடுத்த காம்பராவில் இடுப்புக்குக் கீழே அசைவில்லாமல் கிடந்த அதன் தகப்பனைப் பார்த்ததற்கு விழவில்லை. காரணம் தெளிவு. குழந்தையைப் பார்த்தால் பத்துப் பதினைந்து தாய்களின் கை விடுபடுகிறது. முடங்கியவனைப் பார்த்தால் ஒரு கையும் விடுபடாது, உள்ள ஒரு கையும் கட்டுப்படும்.

அந்த ஒரு கை என்ன செய்கிறது என்பதைக் கிட்டே போய்ப் பார்க்க வேண்டும். தண்டுவடம் முறிந்தவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை திருப்பிப் படுக்கவைக்க வேண்டும் என்பது மருத்துவ விதி. உணர்ச்சியற்ற உடலுக்கு வலி தெரியாது. வலி தெரியாததால் அது தானே அசையாது. அசையாத இடத்தில் ரத்த ஓட்டம் நின்று தோல் சிவக்கும், பிறகு உரியும், பிறகு எலும்புவரை குழி விழும். ஒரு நாளைக்குப் பன்னிரண்டு தடவை திருப்ப வேண்டும். இதைத் தோட்டத்து நாளோடு பொருத்திப் பாருங்கள். காலை ஏழு மணி வாக்கில் பெரட்டு. மதிய நிறுவைக்குப் பிறகுதான் வீட்டுக்கு வரலாம், அதுவும் காம்பரா கிட்டத்தில் இருந்தால். மறுபடி போனால் நாலு, நாலரை. நடுவில் ஐந்து மணி நேர இடைவெளி ஒன்று, மூன்று மணி நேர இடைவெளி ஒன்று. புண் விழ அதில் ஒன்றே போதும். இரவில் விழிப்பது தனிக் கணக்கு. சிறுநீர்க் குழாயைச் சுத்தமாக மாற்றாவிட்டால் காய்ச்சல். மாற்றுவதற்குக் கொதித்தாறிய தண்ணீர் வேண்டும். தண்ணீர் பீலியில் இருக்கிறது, பீலி படிக்கட்டுக்குக் கீழே இருக்கிறது, விறகு மழையில் நனைந்திருக்கிறது. பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பராவில் அடுப்புப் புகையும் அவரும் பிள்ளைகளும் ஒன்றாக. சக்கர நாற்காலி ராகமவின் சமதளத்தில் பழகிக்கொள்ளும் பொருள். ஐயாயிரம் அடிக்குக் கிட்டிய அப்புத்தளைச் சரிவில், வாசலைத் தாண்டினால் படி, படியைத் தாண்டினால் பள்ளம். நாற்காலி காம்பராவுக்குள்ளேயே துணி காயப்போடும் பொருளாகிவிடுவதில் வியப்பில்லை.

இந்த விவரம் தோட்டத்துக்கு மட்டும் உரியதில்லை. ஊவாவின் கீழ்ச்சரிவில், மொனராகலைப் பக்கம், சேனைப் பயிரை நம்பிய சிங்களக் கிராமங்களிலிருந்து படையில் சேர்ந்த இளைஞர்களின் வீட்டிலும் இதே பன்னிரண்டு தடவைதான். கண்ணிவெடியும் எறிகணையும் ஆயிரக்கணக்கில் அங்கக் குறைவைக் கொடுத்த பிறகு, 1999இல் ரணவிரு சேவா அதிகாரசபைச் சட்டம், இலக்கம் 54, நிறைவேறியது. அதன் நோக்கம் ஊனமுற்ற படையினரின் பின்பராமரிப்பு, மறுவாழ்வு. இறந்தோர், காணாமற்போனோரின் தங்கிவாழ்வோருக்கு நலன். பழைய சொல் மறுபடியும் வருகிறது. போர் முடிந்தபின் படையினரின் பெற்றோருக்கு மாதம் 750 ரூபாய் என்று ஒரு கொடுப்பனவு தொடங்கப்பட்டது. அது பெற்றதற்கான மரியாதை, பார்த்ததற்கான கூலி ஆகாது. மகனை ஒரு நாளும் திருப்பிப் படுக்கவைக்காத தகப்பனுக்கும், பதினைந்து வருடம் தூங்காத தாய்க்கும் அதே 750. 2011இல் அனுராதபுரத்தில் முதலாவது ‘அபிமன்சல’ திறக்கப்பட்டது, வாழ்நாள் முழுவதும் பராமரிப்பு வேண்டியவர்களுக்காக. அங்கே சம்பளம் பெறும் ஊழியர்கள் அதே வேலையைச் செய்கிறார்கள். ஆக, அரசுக்கு இந்த வேலையின் விலை தெரியும். சுவருக்குள் செய்தால் சம்பளம், வீட்டுக்குள் செய்தால் பாசம்.

பெரிய நாடுகள் இதை முன்கூட்டியே உணர்ந்துவிட்டன என்று சொல்ல மாட்டேன். அவையும் தயங்கித் தயங்கித்தான் வந்தன. முதலாம் உலகப் போரின் நடுவே, 1916இல், பிரித்தானியா ஓய்வூதியங்களுக்கென ஓர் அமைச்சையே உண்டாக்கியது. மிகக் கடுமையாக அடிபட்டவர்களுக்கு ‘இடைவிடாத துணைப்படி’ என்று ஒன்று அங்கே உருவானது. இந்திய இராணுவமும் அந்த மரபைப் பின்பற்றுகிறது. நூறு சதவீதம் ஊனமுற்ற முன்னாள் படைவீரருக்கு இந்தியா கொடுக்கும் அந்தப் படி 2017இல் மாதம் 4,500 ரூபாயிலிருந்து 6,750 ஆக உயர்ந்தது. ஆனால் அந்தக் காசு போவது அடிபட்டவர் பெயருக்கு; பார்க்கிறவள் பெயர் அதிலும் இல்லை. பார்க்கிறவருக்கே என்று பிரித்தானியா 1976இல் தனியாக ஒரு கொடுப்பனவு கொண்டுவந்தது. அதில் திருமணமான பெண்களை விலக்கி வைத்தார்கள்; அவர்கள் எப்படியும் வீட்டில் இருப்பவர்கள்தானே என்பது வாதம். பத்து வருடம் கழித்து, 1986இல், ஜாக்குலின் டிரேக் என்ற பெண் ஐரோப்பிய நீதிமன்றம் வரை போய் அதை உடைத்தார். அமெரிக்கா 2010இல்தான் ஒரு சட்டத்தால் காயப்பட்ட படைவீரரைப் பார்க்கும் குடும்பத்தவருக்கு மாதாந்தப் பணம், பயிற்சி, மருத்துவக் காப்புறுதி என்று கொடுக்கத் தொடங்கியது. அதுவும் முதலில் 2001 செப்டம்பருக்குப் பின் அடிபட்டவர்களின் வீட்டாருக்கு மட்டும், பழைய போர்க்காரர்களின் வீட்டாருக்கு 2018ஆம் ஆண்டுச் சட்டத்தால். ‘எப்படியும் வீட்டில் இருப்பவள்’ என்ற நினைப்பு லண்டனிலும் அப்புத்தளையிலும் ஒன்றுதான். அப்புத்தளைப் பெண் எப்படியும் வீட்டில் இருப்பவளாக ஒருநாளும் இருந்ததில்லை என்பது மட்டும் வித்தியாசம்.

பார்க்கிறவளுக்குக் கூலி கொடுக்க வேண்டும் என்றால் வரும் மறுப்புகளில் வலுவானது காசைப் பற்றியதில்லை, பாசத்தைப் பற்றியது. புருஷனைப் பார்க்கப் பெண்டாட்டிக்குக் கூலியா, அப்படியானால் நாளைக்குத் தாய் பால் கொடுக்கவும் பில் போடுவாளா என்று கேட்பார்கள். கேட்பவர்கள் பிள்ளைக்காம்பராவை மறந்துவிடுகிறார்கள். மூன்று தலைமுறை மலையகப் பிள்ளைகள் பேர் வாங்கிய ஆயாவின் மடியில் வளர்ந்தார்கள். அதனால் அவள் அன்பு குறைந்ததாகவோ, தாய்ப்பாசம் வற்றியதாகவோ யாரும் புகார் சொன்னதில்லை. கூலி இல்லாததால் பாசம் தூய்மையாகிறது என்பதற்கும் சான்று இல்லை. கூலி இல்லாததால் நடப்பது நமக்குத் தெரியும்: வீட்டின் மூத்த பெண் பிள்ளை பள்ளிக்கூடம் போவதை நிறுத்திக்கொண்டு அப்பாவைப் பார்க்கிறாள், அம்மா மலைக்குப் போகிறாள். பாசத்தின் செலவை யார் கட்டுகிறார்கள் என்று பார்த்தால் எப்போதும் வீட்டின் பெண் பிள்ளைதான்.

அடிபட்டவருக்குத்தான் சம்பளமோ கொடுப்பனவோ போகிறதே, ஒரே வீட்டுக்கு இரண்டு தடவை ஏன் என்பது இரண்டாவது மறுப்பு. படையினரைப் பொறுத்தவரை இதில் பாதி உண்மை உண்டு. ஊனமுற்ற பிறகும் பலரைப் படையின் பட்டியலிலேயே வைத்திருந்து சம்பளம் கொடுத்தார்கள். ஆனால் 12 வருடச் சேவை முடிவதற்குள் காயத்தால் விலகியவர்கள் ஓய்வூதியம் கேட்டு 2016 நவம்பரில் கொழும்பு கோட்டையில் ஊன்றுகோலோடும் சக்கர நாற்காலியோடும் நின்றதையும், தண்ணீர் பீய்ச்சி விரட்டப்பட்டதையும் நாடு பார்த்தது. போற்றுவதற்கும் கொடுப்பதற்கும் நடுவே உள்ள தூரம் அது. தோட்டத்தில் மறுப்பே எழ வழியில்லை. ஊனமுற்றோருக்கான அரசுக் கொடுப்பனவு 2024இல் மாதம் 7,500 ரூபாய். அதே வருடம் தோட்ட நாட்சம்பளம் 1,350 ஆனது. அந்தக் கொடுப்பனவு ஐந்தரைப் பேருக்குச் சமம். பார்ப்பதற்காக அவள் இழக்கும் பேர் மாதத்தில் பத்தாவது இருக்கும்.

மூன்றாவது மறுப்பு தமிழ் வாசகர்களுக்குள்ளிருந்தே வரும், அதை நான் தட்டிக்கழிக்க விரும்பவில்லை. சீருடைக்காரனின் வீட்டுக் கவலையை நாம் ஏன் படவேண்டும்? தியத்தலாவையிலிருந்து போனவர்கள் யாரை நோக்கிப் போனார்கள் என்பது நினைவில்லையா? பண்டாரவளைக்குப் பக்கத்தில் பிந்துனுவெவ ‘புனர்வாழ்வு’ முகாமில் 2000 அக்டோபர் 25 அன்று காவலில் இருந்த தமிழ் இளைஞர்கள் கொல்லப்பட்ட மாகாணம் இது. மறுவாழ்வு என்ற சொல்லே இங்கே கசக்கும். நியாயமான கேள்வி. ஆனால் அதே கேள்வியைத் திருப்பிப் பார்த்தால் சட்டத்தின் குறை இன்னும் பெரிதாகத் தெரிகிறது. 1999ஆம் ஆண்டுச் சட்டம் அரசின் படையினரையும் பொலிஸாரையும் மட்டுமே அறியும். 1970களின் பஞ்சத்திலும் 1977 கலவரத்திலும் மலையகத்திலிருந்து வன்னிக்குப் பெயர்ந்த குடும்பங்களில் போராளி இயக்கத்துக்குப் போய் முடங்கியவர்கள் உண்டு. எறிகணையில் முடங்கிய பொதுமக்கள் அதைவிட அதிகம். ஒருகாலத்தில் கிளிநொச்சியில் வெண்புறா நிறுவனம் செயற்கைக் கால் செய்தது. யாழ்ப்பாணத்தில் ஜெய்ப்பூர் நிலையம் 1987இலிருந்து செய்கிறது. கால் கிடைத்தாலும் பார்க்கிறவளுக்கு ஒன்றும் கிடைப்பதில்லை. உதவியை வீரனின் பதக்கத்தோடு கட்டினால், எந்தப் பக்கத்து வீரன் என்ற சண்டை தீராது. பார்க்கிற வேலையோடு கட்டினால் அந்தச் சண்டைக்கே இடமில்லை: படுக்கைப் புண் எந்தக் கொடியையும் பார்த்து வருவதில்லை. மொனராகலைக்காரியும் முல்லைத்தீவுக்காரியும் அப்புத்தளை லயத்துக்காரியும் இரவு இரண்டு மணிக்கு எழுந்து செய்வது ஒன்றே. அதனால்தான் படையினரின் குடும்பத்துக்கு ஆதரவு என்ற கோரிக்கையை எதிர்க்காமல், அதன் வேலியை நகர்த்தச் சொல்கிறேன்.

யார் மேற்பார்ப்பது, கள்ளக் கணக்கு வராதா என்று அலுவலகத்தார் கேட்பார்கள். செக்ரோல் நூற்றைம்பது வருடமாகக் கள்ளக் கணக்கோடுதான் ஓடியது. அதற்காக அதை யாரும் கொளுத்தவில்லை. தோட்டத்துக்குள் இந்த வேலையைச் சரிபார்க்க ஆள் ஏற்கெனவே இருக்கிறார்கள்: குடும்பநல உத்தியோகத்தர் வீடு வீடாக வருகிறார், பிள்ளைக்காம்பரா அலுவலர் எந்தக் காம்பராவில் யார் கிடக்கிறார் என்று கேட்காமலே சொல்வார். படுக்கையில் கிடப்பவரின் முதுகைத் திருப்பிப் பார்த்தால் போதும்; புண் இல்லாத முதுகைவிட நேர்மையான கணக்குப் புத்தகம் இல்லை. பிரதேச சபைக்குத் தோட்டத்துக்குள் காசு செலவழிக்க அதிகாரமில்லை என்று சொல்லிவந்த காரணமும் 2018ஆம் ஆண்டுத் திருத்தத்தோடு போய்விட்டது.

பணம் கொடுப்பதென்று முடிவானால் எஞ்சுவது ஒரு சின்னக் கேள்வி, ஆனால் தோட்டத்தில் அதுதான் பெரியது: யார் கையில்? சம்பளம் போடும் நாளில் மனைவியின் பேருக்கும் சேர்த்துக் கணவனே போய்ப் பணம் வாங்கிவரும் வழக்கம் மலையகத்தில் நெடுங்காலம் இருந்தது. தொழிற்சங்கங்களும் பெண்கள் அமைப்புகளும் அதை எதிர்த்துப் பேசவேண்டி வந்தது. துணைப்படியை அடிபட்டவரின் கணக்கில் போட்டால் அந்தப் பழைய வரிசை மறுபடி நிற்கும். பிள்ளைக்காம்பரா ஆயாவுக்குத் தோட்டம் போட்ட பேர் தாய்மாரின் பேரோடு சேர்ந்து விழவில்லை. துரைக்கு அவள் கொழுந்து எடுக்காதவள்தான், இருந்தும் செக்ரோலில் அவளுக்கென்று ஒரு வரி இருந்தது, அந்த வரியில் அவளுடைய பெயர்தான் இருந்தது.